மலை தள்ளியது, கடல் அழைத்தது: ஃபுஜியான் என்ற சீன மாகாணத்தின் கதை

சீனாவின் தென்கிழக்குக் கரையில், தைவான் தீவுக்கு நேர் எதிரே இருக்கிறது ஃபுஜியான் மாகாணம். பரப்பளவு சுமார் 1,24,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறியது. மக்கள்தொகை 4 கோடிக்குச் சற்று மேல். பெய்ஜிங்கின் அரண்மனை, சியானின் களிமண் வீரர்கள், சீனப் பெருஞ்சுவர் என்று நம் ஊர் சுற்றுலாப் பயணிகள் தேடிப்போகும் எதுவும் இங்கே கிடையாது.

ஆனால், நாம் தினமும் உச்சரிக்கும் ஒரு சொல் இந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறியது. 'தேயிலை' என்பதில் முன்னால் நிற்கும் 'தே', தெற்கு ஃபுஜியான் மக்களின் உச்சரிப்பு. சீனாவின் மற்ற பல பகுதிகளில் தேநீருக்கு 'சா' என்று பெயர். தரை வழியாகப் போன இடங்களில் அது 'சாய்', 'சாயா' ஆனது. ஃபுஜியான் வணிகர்களிடம் வாங்கி டச்சுக் கப்பல்கள் கொண்டுபோன இடங்களில் 'தே', 'டீ' ஆனது. நாமோ இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறோம்!

ஒரு மாகாணத்தின் உச்சரிப்பு உலகம் முழுக்க எப்படிப் போனது? பதில் அந்த மண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது.

எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வயல்

ஃபுஜியானைப் பற்றி அங்கே சொல்லப்படும் பழமொழி இது. மேற்கே ஊயி மலைத்தொடர், அண்டை மாகாணமான ஜியாங்சியோடு எல்லைச் சுவர்போல நிற்கிறது. அதன் உச்சியான ஹுவாங்காங் 2,150 மீட்டருக்கும் அதிக உயரம். நடுவே இன்னொரு மலைத்தொடர், கடற்கரைக்கு இணையாக ஓடுகிறது. மாகாணத்தில் சுமார் 65 சதவீதம் காடு. சீனாவில் வேறு எந்த மாகாணத்துக்கும் இந்தப் பெருமை இல்லை.

மின், ஜியூலோங், ஜின் ஆகிய முக்கிய ஆறுகள் இந்த மலைகளில் பிறந்து, மாகாண எல்லையைத் தாண்டாமல் கடலில் கலந்துவிடுகின்றன. யாங்சே நதிபோல உள்நாட்டின் தொலைதூர நகரங்களை இணைக்கும் நீர்வழி இங்கே அமையவில்லை. மலைகள் கடலுக்குள் இறங்கும் கரை என்பதால், எங்கு பார்த்தாலும் வளைகுடாக்களும் முனைகளும் தீவுகளும்தான். நேர்கோட்டில் அளந்தால் சுமார் 535 கிலோமீட்டர் வரும் கடற்கரை, வளைவு நெளிவுகளோடு அளந்தால் 3,700 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அத்தனை வளைவும் கப்பல்களுக்கு இயற்கை தந்த அடைக்கலம்.

வடக்கே போர் மூளும்போதெல்லாம் மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்கி, இந்தப் பள்ளத்தாக்குகளில் குடியேறினார்கள். ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்த பள்ளத்தாக்குக்கும் நடுவே மலை. அதனால் ஒரே மாகாணத்துக்குள் பேச்சு மொழிகள் பிரிந்து வளர்ந்தன. தலைநகர் ஃபூசோக்காரர் தன் ஊர்ப் பேச்சில் பேசினால், தெற்கே சியாமென்காரருக்குப் புரியாது. ஃபுஜியான் என்ற பெயரே ஃபூசோ, ஜியான்சோ என்ற இரு ஊர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, தாங் வம்சக் காலத்தில் 8-ஆம் நூற்றாண்டில் உருவானது.

வயல் குறைவு. வாய்கள் அதிகம். மலைச்சரிவில் தேயிலை, ஆற்றோரம் பீங்கான் சூளை, கரையில் படகு என்று மக்கள் வழி கண்டுபிடித்தார்கள். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்ப்பதெல்லாம் அப்படிக் கண்டுபிடித்த வழிகளின் மிச்சங்களைத்தான்.

மூங்கில் தெப்பமும் ஆறு தேயிலைப் புதர்களும்

மாகாணத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஊயி மலையை, இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்து 1999-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது யுனெஸ்கோ. 2021-ல் சீனா முதன்முதலாக அறிவித்த ஐந்து தேசியப் பூங்காக்களிலும் இது ஒன்று.

இங்குள்ள பாறைகள் செக்கச்செவேல் என்று இருக்கும். டைனோசர்கள் உலவிய காலத்தில் படிந்த மணலும் கூழாங்கல்லும் இறுகி உண்டானவை. பிறகு நிலம் உயர்ந்து வெடிப்புகள் விட, அந்த வெடிப்புகள் வழியே மழைநீர் இறங்கி அறுத்து அறுத்து, செங்குத்தான குன்றுகளாகச் செதுக்கிவிட்டது. மேற்கே உள்ள உயரமான மலைகள் குளிர்காலத்தின் வடக்குக் காற்றைத் தடுக்கின்றன. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் காலை நேரத்தில் குன்றுகளின் இடுப்பில் மூடுபனி சுற்றிக்கொண்டிருக்கிறது. சீன ஓவியங்களில் பார்க்கிற அதே காட்சி.

குன்றுகளுக்கு நடுவே ஒன்பது வளைவுகளோடு ஓடுகிறது 'ஒன்பது வளைவு ஓடை'. சுமார் 9.5 கிலோமீட்டர் தூரத்தை மூங்கில் தெப்பத்தில் ஒன்றரை மணி நேரத்தில் கடக்கலாம். மோட்டார் கிடையாது. தெப்பக்காரர்கள் நீண்ட கழியை ஊன்றித் தள்ளியபடியே, ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கதை சொல்வார்கள். 'மரகதக் கன்னி' என்றொரு பாறை. 'பெரிய ராஜா' என்றொரு பாறை. இருவரும் காதலர்களாம். நடுவில் பூதம் ஒன்று பாறையாக நின்று, ஒருவரை ஒருவர் பார்க்கவிடாமல் மறைக்கிறதாம்!

அண்ணாந்து பார்த்தால், செங்குத்துப் பாறைகளின் பொந்துகளில் படகு வடிவ மரச் சவப்பெட்டிகள் தெரியும். 3,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த மக்கள் இறந்தவர்களை அப்படித்தான் வைத்தார்கள். சீனச் சிந்தனை வரலாற்றில் கன்ஃபூசியஸுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் அறிஞர்களில் ஒருவரான ஜூ சி, 12-ஆம் நூற்றாண்டில் இந்த ஓடைக்கரையில்தான் கல்விக்கூடம் அமைத்துப் பாடம் நடத்தினார்.

ஊயி மலையின் உண்மையான நாயகன் தேயிலை. பாறை இடுக்குகளில் சேரும் கொஞ்சம் மண்ணில், நிழலும் ஈரமும் குடித்து வளர்வதால் இதைப் 'பாறைத் தேயிலை' என்கிறார்கள். அதில் உச்சம் 'டா ஹோங் பாவ்'. 'பெரிய சிவப்பு அங்கி' என்று பொருள். அரசுத் தேர்வு எழுதப் போன இளைஞன் ஒருவன் வழியில் நோயில் விழ, துறவி ஒருவர் இந்தத் தேநீர் கொடுத்துக் குணப்படுத்தினார். தேர்வில் முதலிடம் பெற்ற அவன், தனக்குக் கிடைத்த சிவப்பு அங்கியைக் கொண்டுவந்து அந்தப் புதருக்குப் போர்த்தினான் என்பது கதை.

அந்தத் தாய்ப் புதர்களில் இன்று ஆறு மட்டும் பாறைச்சரிவில் நிற்கின்றன. 2006 முதல் அவற்றில் ஓர் இலைகூடப் பறிப்பதில்லை. பார்க்கலாம், படம் எடுக்கலாம், அவ்வளவுதான். கடைகளில் விற்பது இவற்றிலிருந்து பதியன் போட்டு வளர்த்த செடிகளின் தேயிலையும், வேறு பாறைத் தேயிலைகளின் கலவையும். எனவே, 'தாய்ப் புதரின் இலை' என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இந்த மலையின் தேயிலைக்கு இந்தியாவோடும் ஓர் உறவு உண்டு. 1840-களின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர், சீன உடை அணிந்து வேடமிட்டு இந்தப் பகுதிக்குள் நுழைந்தார். அவர் சேகரித்து அனுப்பிய செடிகளும் விதைகளும் இமயமலை அடிவாரத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. தேயிலை செய்யத் தெரிந்த சீனத் தொழிலாளர்களையும் கூடவே அழைத்துப் போனார்.

தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுகம்

மலையிலிருந்து கீழே இறங்கி, தென்கிழக்குக் கரைக்கு வந்தால் சுவான்சோ. 10 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை உலகின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அரபு வணிகர்கள் இதை 'சைத்தூன்' என்று அழைத்தார்கள். நகரமெங்கும் நட்டிருந்த மரத்தின் சீனப் பெயரிலிருந்து வந்த பெயர் அது. அந்த மரம் நமக்கும் தெரிந்ததுதான்: கல்யாண முருங்கை!

மார்க்கோ போலோ இங்கிருந்துதான் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல் வழியாகச் சீனாவை விட்டுப் புறப்பட்டார். அலெக்சாண்ட்ரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால், இங்கே நூறு கப்பல்கள் வருகின்றன என்று எழுதி வைத்தார். 14-ஆம் நூற்றாண்டில் வந்த இபின் பதூதாவும் இந்தத் துறைமுகத்தைக் கண்டு வியந்தார்.

கப்பல்களை ஓட்டியது பருவக்காற்று. குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று கப்பல்களைத் தெற்கே தள்ளும். கோடையில் தென்மேற்குக் காற்று திருப்பிக் கொண்டுவரும். நமக்கு மழை தருகிற அதே காற்றுகள்தான். நகருக்கு வெளியே ஜியூரி என்ற குன்றில், சோங் வம்ச அதிகாரிகள் நல்ல காற்று வேண்டி வழிபாடு நடத்திவிட்டு, அந்த விவரத்தைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். காற்று பொய்த்தால் சுங்க வருமானம் போச்சே!

இந்தக் காற்றோடுதான் தமிழர்களும் வந்தார்கள். ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015-ல் சோங் அரசவையை அடைந்தது. 1033, 1077 ஆகிய ஆண்டுகளிலும் சோழத் தூதுக்குழுக்கள் போயிருக்கின்றன. பிறகு, சுவான்சோவிலேயே தமிழ் வணிகர்கள் தங்கத் தொடங்கினார்கள். 1956-ல் அந்த ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம் என்று காலம் குறிக்கிறது. அதாவது, 1281 ஏப்ரல். குப்லாய் கான் ஆண்ட காலம். சம்பந்தப் பெருமாள் என்பவர், மன்னரின் உடல்நலத்துக்காகத் திருக்கதலீஸ்வரம் என்ற சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்த செய்தியை அது சொல்கிறது. கடைசியில் சீன எழுத்தும் இருக்கிறது.

அந்தக் கோயில் இன்று இல்லை. ஆனால், அதுபோன்ற கட்டடங்களிலிருந்து சிதறிய 300-க்கும் மேற்பட்ட சிற்பத் துண்டுகள் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் கிடைத்துள்ளன. சுவான்சோ கடல்சார் அருங்காட்சியகத்தில் பலவற்றைப் பார்க்கலாம். ஒரு சிற்பத்தில், யானை ஒன்று சிவலிங்கத்தை மலரால் பூசிக்கிறது. திருவானைக்காவல் தலபுராணம் தெரிந்தவர்களுக்கு அதன் முன்னால் விளக்கப் பலகை தேவைப்படாது.

நகரின் நடுவே 686-ல் தொடங்கப்பட்ட காயுவான் புத்தர் கோயில் இருக்கிறது. அதன் பிரதான மண்டபத்தின் பின்புறம் போனால், இரண்டு கல்தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் நிற்கிறார்கள். மண்டபத்தைப் புதுப்பித்தபோது, இடிந்துபோன இந்துக் கோயிலின் தூண்களை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கோயிலின் இரு பக்கமும் 13-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இரண்டு கல் கோபுரங்கள், 40 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. சற்றுத் தள்ளி 1009-ல் கட்டிய மசூதி. ஒரே நாளில், நடந்தே, மூன்று மதங்களின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் பார்த்துவிட முடிகிற ஊர் இது.

1974-ல் இங்கே கடற்கரைச் சேற்றிலிருந்து சோங் காலத்துக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். எஞ்சியிருந்த பகுதியே 24 மீட்டர் நீளம். உள்ளே 13 தனித்தனி அறைகள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் அடுத்த அறைக்குத் தண்ணீர் போகாது. வாசனை மரங்களும் மிளகும் அதில் இருந்தன. போகும்போது இந்தக் கப்பல்கள் எதை ஏற்றிப் போயின? பட்டு, இரும்பு, பீங்கான். நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் தோண்டியபோது, 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஒரே வணிகத்தின் இரண்டு முனைகள் இவை.

பாலங்களையும் பார்க்காமல் வரக்கூடாது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் 1053 முதல் 1059 வரை கட்டிய லோயாங் பாலம், 700 மீட்டருக்கு மேல் நீளம். அலை அடித்துக்கொண்டே இருக்கும் இடத்தில் அஸ்திவாரக் கற்களை எப்படி ஒட்டவைப்பது? சிப்பிகளை அவற்றின்மேல் வளர்த்தார்கள். சிப்பிகள் பெருகி, இயற்கையான சிமென்ட்போலக் கற்களைப் பிணைத்தன. 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆன்பிங் பாலமோ, கற்பலகைகளாலேயே 2 கிலோமீட்டர் தூரம் நீள்கிறது.

1350-களில் வெடித்த கலகத்தில் வெளிநாட்டு வணிகர்கள் விரட்டப்பட்டார்கள். பிறகு, மிங் வம்ச அரசு தனியார் கடல் வணிகத்துக்குத் தடை போட்டது. துறைமுகத்தில் மணல் மேடிட்டது. சுவான்சோ தூங்கிப்போனது. அந்தத் தூக்கமே பழைய ஊரைக் காப்பாற்றிக் கொடுத்தது என்றும் சொல்லலாம். 2021-ல் சுவான்சோவின் 22 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கடலோடிகளின் அம்மன்

கடலை நம்பிய மக்களுக்குக் கடலில் ஒரு துணை வேண்டாமா? 960-ஆம் ஆண்டில், மெய்சோ என்ற சிறு தீவில் லின் குடும்பத்தில் ஒரு பெண் பிறந்தாள் என்கிறது மரபு. பிறந்தபோது அழவே இல்லை என்பதால் 'மோ' (மௌனம்) என்று பெயர் வைத்தார்கள். கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றி, இளம் வயதிலேயே இறந்த அவளை மீனவர்கள் தெய்வமாக்கினார்கள். மாட்ஸு என்ற அந்தத் தெய்வத்தின் மூலக் கோயில், இன்றும் மெய்சோ தீவில் இருக்கிறது. தைவானிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் பக்தர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இந்த வழிபாட்டை 2009-ல் யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஃபுஜியான்காரர்கள் போன இடமெல்லாம் மாட்ஸுவும் போனாள். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெரு, ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. கரை சேர்ந்த ஃபுஜியான் மக்கள் நன்றி சொல்ல அங்கே எழுப்பிய மாட்ஸு கோயில்தான் தியான் ஹாக் கெங். அதே தெருவில் சில அடிகள் நடந்தால் நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828-1830 காலத்தில் எழுப்பியது. இரண்டு கரைகளின் கடலோடிகளும் இறங்கிய முதல் தெருவிலேயே தத்தம் நன்றியைச் செலுத்தியிருக்கிறார்கள்.

ஊரே குடியிருக்கும் மண் கோட்டை

தென்மேற்கு மலைப்பகுதியில் வேறொரு உலகம். வடக்கிலிருந்து பிந்தி வந்தவர்களுக்கு நல்ல நிலம் மிச்சமில்லை. அவர்களை 'ஹக்கா' என்றார்கள். 'விருந்தாளிக் குடும்பங்கள்' என்று பொருள். கொள்ளையர் பயம், நிலத் தகராறு. அதனால், ஒரு குலத்தார் அனைவரும் ஒரே கட்டடத்துக்குள் குடியிருக்கும்படி வட்டமாகவும் சதுரமாகவும் மண்ணால் கோட்டை வீடுகள் கட்டினார்கள். அவைதான் 'துலோ'. ஹக்கா மக்கள் மட்டுமல்லாமல், அக்கம்பக்கத்துத் தெற்கு ஃபுஜியான் மக்களும் இவற்றைக் கட்டியிருக்கிறார்கள்.

சுவரின் அடிப்பகுதி ஒரு மீட்டருக்கும் அதிகக் கனம். மண், மணல், சுண்ணாம்பு ஆகியவற்றை இடித்து இறுக்கி, நடுவே மூங்கில் சிம்புகளை வைத்தார்கள். சில இடங்களில் பச்சரிசிக் கஞ்சியும் வெல்லமும்கூடச் சேர்த்தார்கள். கீழ்த்தளத்தில் வெளிப்பக்கம் ஜன்னல் கிடையாது. ஒரே பெரிய வாசல். தரைத்தளம் சமையலறை, முதல் மாடி தானியக் கிடங்கு, அதற்கு மேல் படுக்கையறைகள். கேக்கைச் செங்குத்தாக வெட்டிக் கொடுப்பதுபோல, ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீழிருந்து மேல்வரை ஒரே அளவில் பங்கு. பணக்காரர், ஏழை என்று அறையில் வித்தியாசம் இல்லை. நடு முற்றத்தில் முன்னோர் வழிபாட்டுக் கூடம்.

சில துலோக்களில் 800 பேர் வரை வாழ்ந்திருக்கிறார்கள். 1709-ல் கட்டி முடித்த செங்சி துலோவில், ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள், ஏறத்தாழ 400 அறைகள். தியான்லுவோகெங் கிராமத்தை மேலிருந்து பார்த்தால், நடுவே ஒரு சதுரம், சுற்றிலும் மூன்று வட்டங்கள், ஒரு நீள்வட்டம். 'நாலு கறி, ஒரு சூப்' என்று உள்ளூர்க்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். 2008-ல் 46 துலோக்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

இசைத் தீவும் எதிர்க்கரைப் பீரங்கியும்

1842-ல் அபினிப் போரில் தோற்ற சீனா, ஐந்து துறைமுகங்களை வெளிநாட்டவருக்குத் திறந்துவிட நேர்ந்தது. அவற்றில் இரண்டு ஃபுஜியானில் இருந்தன: ஃபூசோ, சியாமென். சியாமெனுக்கு எதிரே இருக்கும் குலாங்யூ தீவில், 2 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில், வெளிநாட்டுத் தூதரகங்களும் தேவாலயங்களும் பங்களாக்களும் எழுந்தன. வெளிநாடு போய்ச் சம்பாதித்துத் திரும்பிய ஃபுஜியான்காரர்களும் அங்கேயே மாளிகை கட்டினார்கள். வீட்டுக்கு வீடு பியானோ ஒலித்ததால் 'பியானோ தீவு' என்று பெயர். இன்றும் அங்கே கார் ஓடாது. நடைதான்.

வறுமையும் நிலக் குறைவும் துரத்த, லட்சக்கணக்கானோர் சியாமென் வழியாகக் கப்பலேறினார்கள். மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் சீனர்களில் பெரும்பகுதியினருக்குப் பூர்வீகம் இந்தக் கரை. அவர்களில் ஒருவர் டான் கா கீ. சிங்கப்பூரில் ரப்பர் தொழிலில் செல்வம் சேர்த்து, 1921-ல் சியாமென் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். சீனாவின் மிக அழகான கல்லூரி வளாகங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

1949-க்குப் பிறகு இந்தக் கரை போர்முனையானது. சியாமெனுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கின்மென் தீவு தைவான் அரசின் வசம். 1958-ல் சீனப் பீரங்கிகள் அந்தத் தீவின்மேல் குண்டு பொழிந்தன. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நீடித்த அந்தப் பீரங்கிச் சண்டை, 1979 ஜனவரி 1-ல்தான் நின்றது. போர்முனையில் யார் பெரிய தொழிற்சாலை கட்டுவார்கள்? 1980-ல் சியாமென் சிறப்புப் பொருளாதார மண்டலமான பிறகுதான் வளர்ச்சி வேகமெடுத்தது. 2001 முதல் சியாமெனுக்கும் கின்மெனுக்கும் இடையே படகுப் போக்குவரத்தும் தொடங்கியது. அதன் பிறகு அரசியல் காற்று மாறும்போதெல்லாம் அங்கே சுற்றுலாவும் ஏறி இறங்குகிறது.

ரயில் வந்தது... கூட்டமும் வந்தது

மலை என்ற சுவரை உடைத்தது ரயில். 1957-ல் முதல் பெரிய ரயில் பாதை சியாமெனை உள்நாட்டோடு இணைத்தது. 2015-ல் அதிவேக ரயில் ஊயி மலைப் பக்கம் வந்தது. 2023 செப்டம்பரில் திறந்த ஃபூசோ-சியாமென் பாதையில், மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் கடல்மேல் பாலங்களில் ரயில் பறக்கிறது. 277 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

வசதி வந்ததும் கேள்விகளும் வந்தன. குலாங்யூவில் கூட்டம் தாங்க முடியாமல், ஒரு நாளைக்கு 50,000 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். கடைகளும் விடுதிகளும் பெருகப் பெருக, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பெரிய ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். துலோக்களிலும் இதே கதை. இளைஞர்கள் நகரத்து வேலைக்குப் போக, பெரியவர்கள் தரைத்தளத்தில் தேயிலையும் காய்ந்த மூங்கில் குருத்தும் விற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 800 பேர் வாழக் கட்டிய வீட்டில் மேல்மாடி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. மண் சுவரும் மர மாடியும் ஆள் புழக்கம் இருக்கும்வரைதான் உறுதி. ஒழுகும் ஓட்டை அன்றைக்கே மாற்ற அங்கே ஒருவர் குடியிருக்க வேண்டும்.

வடகிழக்கே சியாபு கடற்கரையில், சேற்று நிலத்தில் கடற்பாசி வளர்க்க நட்ட மூங்கில் கழிகள், சூரிய உதயத்தில் ஓவியம்போல் மின்னும். புகைப்படக்காரர்கள் குவிகிறார்கள். பக்கத்துக் கிராமத்தில், ஆலமர நிழலில் எருமையோடு ஒரு விவசாயி பனிமூட்டத்தில் நடந்துவரும் படத்தைப் பலர் இணையத்தில் பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் காசு கொடுத்து ஏற்பாடு செய்யும் காட்சி. புகையையும் சேர்த்து! ஏமாற்று என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். வயலில் கிடைப்பதைவிட இதில் நல்ல வருமானம் என்றால், விவசாயி ஏன் நடக்கக் கூடாது என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான பேச்சுதான்.

சுவான்சோவை ஒட்டிய சுன்பு மீனவக் கிராமத்தின் கதை கொஞ்சம் வித்தியாசமானது. அங்கே பெண்கள் கொண்டை போட்டு, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பூச்சூடுவார்கள். வயதான பெண்கள் மட்டும் கடைப்பிடித்த வழக்கம், 2023 முதல் சமூக வலைதளங்களில் பிரபலமாகி, சீனா முழுவதிலிருந்தும் இளம்பெண்கள் பூச்சூடிப் படமெடுக்க வருகிறார்கள். கூட்டம் தொல்லைதான். ஆனால், மறையவிருந்த கலையைப் பாட்டிகளிடமிருந்து பேத்திகள் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். சிப்பி ஓடுகளால் சுவர் எழுப்பிய பழைய வீடுகளுக்கும் மதிப்பு கூடியிருக்கிறது.

காசு வந்தாலும் திரும்ப வராதவையும் உண்டு. வடக்கு மலைகளில் ஆற்றின் குறுக்கே, மரத்தை மரத்தோடு பின்னி, மேலே ஓட்டுக்கூரை போட்ட வளைவுப் பாலங்கள் இருக்கின்றன. பிங்னான் வட்டாரத்தில் சோங் காலத்தில் தோன்றிய வான்ஆன் பாலம், சீனாவின் மிக நீளமான மர வளைவுப் பாலம். சுமார் 98 மீட்டர். 2022 ஆகஸ்ட் மாதம் ஓர் இரவில் அது தீயில் எரிந்துபோனது. அந்தப் பாலம் கட்டும் நுட்பம் தெரிந்த தச்சர்கள் இன்னும் இருப்பதுதான் ஒரே ஆறுதல்.

போக நினைப்பவர்களுக்கு...

* சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக சியாமென் போகலாம். சீன விசா அவசியம்.
* அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வானிலை இதமாக இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய விடுமுறை. அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.
* சியாமென், குலாங்யூவுக்கு இரண்டு நாள். துலோவுக்கு ஒரு நாள், அங்கேயே ஓர் இரவு. சுவான்சோவுக்கு இரண்டு நாள். ஊயி மலைக்கு இரண்டு நாள். எட்டு நாள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.
* மூங்கில் தெப்பத்துக்கும் குலாங்யூ படகுக்கும் முன்பதிவு முக்கியம். பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும்.
* சைவ உணவுக்காரர்கள் சியாமெனின் நான்புதுவோ புத்தர் கோயில் உணவகத்தைத் தேடிப் போகலாம். அசைவக்காரர்களுக்குச் சிப்பி ஆம்லெட், ஃபூசோ மீன் உருண்டை. சியாமெனின் 'சாச்சா நூடுல்ஸ்' குழம்பு, தென்கிழக்கு ஆசியா போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த 'சத்தே' சுவை. நம் நாக்குக்குப் பழகியதுபோலவே இருக்கும்.
* கூகுள் வேலை செய்யாது. மொழிபெயர்ப்புச் செயலியை ஆஃப்லைனில் பயன்படுத்தும்படி முன்பே தரவிறக்கிக்கொள்வது உதவும்.

நேரம் இருந்தால், சுவான்சோவுக்கு அருகே சேதியான் என்ற கிராமத்துக்கும் போய் வரலாம். அங்கே சிறிய கோயில் ஒன்றில், நான்கு கைகளோடு அமர்ந்த அம்மன் சிலை இருக்கிறது. தமிழ் வணிகர்கள் காலத்துச் சிற்பம். ஊர் மக்களுக்கு அவள் கருணையின் தெய்வமான குவான்யின். எங்கிருந்து வந்தவள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. கோயிலைக் கட்டியவர்கள் போன பிறகும், அவளுக்கு ஊதுபத்தி ஏற்றுவதை அவர்கள் விடவில்லை.